கந்தாயம் ஆண்ட்டி வாங்கியவை

“…பார்க்கு கொழாய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா, அது எங்கயும் ஓடிப் போவாது. இந்த வருஷத்துக்கு எனக்கு இந்த பெஞ்சு போதும்” என்று கந்தாயம் ஆண்ட்டி கவுன்ட்டர் ஓட்டைக்குள் முகத்தை நீட்டிச் சொன்னார்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் அலுவலர், ஆண்ட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இந்த அம்மாவுக்கு ஏதாவது கோளாறா என்று அவர் கண் கேட்டது. இல்லை என்று நான் தலையாட்டினேன். என் பக்கத்தில் நின்ற செல்வராஜ் அண்ணன் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பிவிட்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எனக்கே பிடிபடவில்லை.

அந்த பெஞ்சை யாரும் விற்கவில்லை. வீட்டுவரி ஆபீஸில் சனங்கள் காத்திருக்கப் போட்ட பழைய மர பெஞ்சு அது. ஒரு கால் குட்டை. ஓரத்தில் இருப்பவர் எழுந்தால் நடுவில் இருப்பவர் சரிவார். அதைப் போய் வாங்குகிறேன் என்று ஒரு மனுஷி சொன்னால் கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் சொன்னதில் கோளாறு ஒன்றும் இல்லை. அவர் கணக்கே வேறு.

பெங்களூரில் வீட்டுவரியைக் கன்னடத்தில் கந்தாயம் என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறோம். வரி என்றால் எங்களுக்கு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் கோடுதான் ஞாபகத்துக்கு வரும். லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்தில் கந்தாயம் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். கந்தாயத்தையே பேராகப் பெற்றவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் அவர் வீட்டின் முன் அறையை வாடகைக்குப் பிடித்து, பைக்குக்கு சீட் கவர் தைக்கும் கடை போட்டேன். கடை திறந்த அன்றைக்கே ஒருவன் பழைய ஸ்கூட்டரைக் கொண்டுவந்தான். சைடு ஸ்டாண்டு உடைந்திருந்தது. வாசலுக்கு நேராக இருந்த தெருவிளக்குக் கம்பத்தில் அதைச் சாய்த்து வைத்தேன். ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள் ஆண்ட்டி ஈரத் துணியோடு வந்து நின்றார்.

“யாரக் கேட்டு எங் கம்பத்துல வண்டியச் சாச்ச?”

“ஆண்ட்டி, இது கார்ப்பரேஷன் கம்பம்.”

“கார்ப்பரேஷன் யார் காசுல வாங்குச்சு? அதுங்கப்பன் வூட்டுக் காசா? எங் காசு. நான் கந்தாயம் கட்டுனேன், இந்தக் கம்பத்த வாங்குனேன். வண்டிய எடு மொதல்ல.”

நான் வண்டியை எடுத்தேன். ஸ்கூட்டர் உரசிய இடத்தை அவர் ஈரத் துணியால் துடைத்தார். பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரி, மேலிருந்து கீழாக. பிறகு என்னைப் பார்த்து, “டீ குடிச்சியா சீட்டு தம்பி?” என்று கேட்டார். அன்றிலிருந்து நான் சீட்டு தம்பி.

முதலில் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நாள் போகப் போகத்தான் அவர் மெய்யாகவே அப்படி நம்புகிறார் என்று தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் கந்தாயம் கட்டிவிட்டு வருவார். வந்த பிறகு ஏரியாவைச் சுற்றி நடப்பார். அந்த வருஷத்துப் பணத்துக்குத் தான் எதை வாங்கினோம் என்று முடிவு செய்வார். கம்பம் ஒரு வருஷம். சர்ச் ரோடு திரும்பும் இடத்தில் வேகத்தடையாகப் போட்ட ஹம்ப் ஒரு வருஷம். சாக்கடை மேல் மூடிய நீளமான கல் ஒரு வருஷம். பஸ் ஸ்டாப்பில் இரும்பு இருக்கைகள் போட்டபோது எல்லாம் உங்களுடையதா என்று கேட்டேன்.

“ச்சே ச்சே. ஓரத்துல ரெண்டு சீட்டு மட்டுந்தான். நான் கட்டுன அளவுக்குத்தான் கேப்பேன். மத்தது மத்தவங்கள்து.”

மேம்பாலம்?

“அது பெரிய ஆளுங்கள்து தம்பி. எங் கந்தாயத்துக்கு அது தாங்காது. அதுல ஒரு போல்ட்டுக் கூட எனக்கு வோணாம்.”

இந்த அடக்கம்தான் எனக்குப் பிடித்தது. ஊரையே தனது என்று சொல்லிக்கொள்ள நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரு கம்பம், ஒரு ஹம்ப், ஒரு கல், ரெண்டு சீட்டு என்று அளந்து எடுத்துக்கொள்ள ஒருத்தரால்தான் முடிந்தது.

கந்தாயம் கட்டுகிற நாள் அவருக்குக் கல்யாண நாள் மாதிரி. பெட்டியிலிருந்து பச்சைப் பட்டுப் புடவை வெளியே வரும். வீட்டில் பாயசம் கொதிக்கும். ஆட்டோ வாசலுக்கு வரவேண்டும், தெருமுனையில் நின்றால் ஏறமாட்டார். மைசூரில் இருக்கும் மகள், “அம்மா, போன்லயே கட்டிடலாம், ரெண்டு நிமிஷ வேல” என்று வருஷம் தவறாமல் சொல்லுவாள். ஆண்ட்டி போனை என் காதில் வைத்துவிட்டுப் பதிலை என்னிடம் சொல்லுவார்.

“போன்ல கட்டுனா எம் மூஞ்சி அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேளு. கட்டுனவ யாருன்னு தெரிஞ்சாத்தான நாளைக்குப் போயி ஒண்ணு கேக்க முடியும்?”

வாங்கிய பொருளை அவர் சும்மா வைத்துக்கொள்ள மாட்டார். தினம் காலையில் கம்பத்தைத் துடைப்பார். எலெக்‌ஷன் சமயத்தில் கட்சிக்காரப் பையன் ஒருவன் பசை வாளியோடு வந்தான். போஸ்டரை விரிக்கும்போதே ஆண்ட்டி குறுக்கே நின்றார். அவன் கன்னடத்தில், “ஏனம்மா, இது நிம்மப்பந்தா?” என்றான். உன் அப்பன் சொத்தா என்று அர்த்தம்.

“நம்மப்பந்தல்லா, நந்தே” என்றார் ஆண்ட்டி. அப்பனுடையது இல்லை, என்னுடையது.

பையன் அவரையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போனான். அடுத்த கம்பத்தைப் பற்றி ஆண்ட்டிக்குக் கவலை இல்லை. அது அவர் வாங்கியதில்லை.

காரில் வந்து கம்பத்தடியில் நாயை இறக்கிவிட்ட ஒரு தம்பதியிடம், “நாய் பேருல கந்தாயம் ஏதாச்சும் கட்டறீங்களா?” என்று கேட்டதும் அவர்தான். அந்த நேரத்தில் எனக்கு வாடிக்கையாளர் முன்னால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் வாய்க்கு வேகத்தடை கிடையாது. எதிர் வீட்டுக்காரரான செல்வராஜ் அண்ணனுக்கும் அவருக்கும் இருந்த வழக்கு அதைவிட மோசம்.

செல்வராஜ் அண்ணன் சொந்தமாக ஆட்டோ ஓட்டுபவர். நல்ல மனிதர். ஆனால் அவர் வீட்டுக்கு வருஷக்கணக்கில் கந்தாயம் கட்டியதில்லை. கேட்டால் ஒரே பதில்தான்.

“மொதல்ல ரோடு போடட்டும்க்கா, அப்பறம் கட்டறேன்.”

“நீ மொதல்ல கட்டு, அப்பறம் போடுவான்.”

இந்த ரெண்டு வாக்கியத்தையும் அவர்கள் காலையில் குட்மார்னிங் மாதிரி சொல்லிக்கொள்வார்கள். சாயங்காலம் ஆனால் அது சண்டையாகும். அண்ணன் போன் பேசிக்கொண்டே கம்பத்தடிக்கு வந்தால், ஆண்ட்டி கதவைத் திறப்பார். “செல்வராஜு, வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் போயி பேசு. இது காசு குடுத்து வாங்குன வெளிச்சம்.” அண்ணனும் இரண்டடி தள்ளி இருட்டில் போய் நின்று பேசுவார். நான் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மனிதரை இப்படித் தள்ளி நிறுத்தலாமா என்று எனக்கு உறுத்தும்.

ஆனால் அதே ஆண்ட்டிதான் அந்தச் சாக்கடைக் கல்லை வேறு மாதிரி வைத்திருந்தார். தெரு கூட்டும் பெண்கள் மத்தியானம் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார்கள். மரநிழல் விழுகிற இடம் அது. அவர்கள் டப்பாவைத் திறந்தால் ஆண்ட்டி கிண்ணத்தில் குழம்பு கொண்டுவருவார். வேண்டாம் என்று அவர்கள் கூச்சப்பட்டால் கோபம் வரும்.

“எங் கல்லு மேல ஒக்காந்தா நீங்க எனக்கு விருந்தாளிங்க. வந்த எடத்துல சும்மா எந்திரிச்சுப் போனா எனக்கு மரியாதையா?”

பிறர் வீட்டுக் குழம்பை வாங்கக் கூச்சப்பட்டவர்கள், இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு டப்பாவை நீட்டுவார்கள்.

அவர் மனசில் இது எங்கே தொடங்கியது என்று ஒருநாள் தற்செயலாகத்தான் தெரிந்தது. மழைக்காலம். தெருவிளக்கு கெட்டுப்போனது. ஆண்ட்டி மின்சாரக்காரர்களுக்குப் போன் போட்டார். நாளைக்கு என்றார்கள். அந்தச் சாயங்காலம் நான் கடையை மூடும்போது அவர் கையில் டார்ச்சு வைத்துக்கொண்டு கம்பத்துக்கு அடியில் நின்றிருந்தார். வேலை முடிந்து நடந்து வருகிறவர்களின் காலடிக்கு வெளிச்சம் அடித்தார். ஒவ்வொருவரிடமும், “ஸாரிப்பா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. நாளைக்கு ரெடி ஆயிடும்” என்றார். தன் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு தாமதமானால் மன்னிப்புக் கேட்பார்களே, அந்தக் குரல்.

“உள்ள போங்க ஆண்ட்டி, தூத்தல் விழுது.”

“லைட்டு என்னோடது தம்பி. எரியலன்னா நாந்தான பதில் சொல்லணும்?”

பிறகு டார்ச்சை அணைக்காமலே சொன்னார். அவர் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தவர். வேலை முடிந்து இருட்டித்தான் வருவார். அப்போது இந்த மூலையில் விளக்கே கிடையாது. அவர் கணவர் இதே இடத்தில் டார்ச்சு வைத்துக்கொண்டு நிற்பாராம். கணவர் இறந்த வருஷம், அதுவரை அவர் கட்டிவந்த கந்தாயத்தை ஆண்ட்டி முதல் தடவையாகத் தானே போய்க் கட்டினார். எந்தக் கவுன்ட்டர், எந்தப் பேப்பர் என்று ஒன்றும் தெரியாமல் அழுதுகொண்டே கட்டினாராம்.

“கட்டிட்டு வந்த ஒரு வாரத்துல கார்ப்பரேஷன்காரனுங்க வந்து கம்பம் நட்டானுங்க. நான் கேக்கவே இல்ல. அவரு நின்ன அதே எடம். கட்டுனேன், குடுத்தாங்க. அவ்ளோதான் தம்பி, எனக்கு அதுக்கு மேல தெரியாது.”

அதற்கப்புறம் அவர் செல்வராஜ் அண்ணனைத் துரத்தும்போது எனக்கு உறுத்தல் கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. குறைந்தது.

அந்த பெஞ்சுக்கு வருகிறேன்.

அது ஏப்ரல் மாதம். ஆண்ட்டி அந்த வருஷக் கந்தாயத்தை இன்னும் கட்டவில்லை. பார்க்கில் புதிதாகப் போட்ட குடிதண்ணீர்க் குழாயின் மேல் கண் வைத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் நாலைந்து தெரு தள்ளி, பெரிய கால்வாயின் ஓரமாக ஜேசிபி வந்து சில வீடுகளை இடித்திருந்தது. கால்வாய் இடத்தில் கட்டிவிட்டார்கள் என்று சொன்னார்கள். அந்த இரைச்சல் எங்கள் சந்து வரைக்கும் கேட்டது. அடுத்து எந்தத் தெரு என்பதுதான் டீக்கடையில் பேச்சு. ஆளுக்கொரு வரைபடம் வரைந்தார்கள். எல்லா வரைபடத்திலும் கால்வாய் கொஞ்சம் அகலமாகிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ரெக்சின் வாங்கப் போயிருந்தேன். ஆண்ட்டி ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் திரும்பி வந்தபோது அவர் வீட்டுக் கேட்டின் முன் ஒரு மாடு நின்று நிதானமாக எதையோ மென்றுகொண்டிருந்தது. கேட்டில் ஒட்டியிருந்த ஒரு காகிதம். மைதாப் பசையின் ருசி கண்ட மாடுகள் எங்கள் ஏரியாவில் அதிகம். சினிமா போஸ்டர் முதல் கண்ணீர் அஞ்சலி வரை எதையும் விடாது. நான் துரத்தியபோது பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தில் மாநகராட்சி முத்திரை இருந்தது. ஆண்ட்டியின் வீட்டு நம்பர் இருந்தது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் கன்னடத்தில் ஒரு சொல்லின் தொடக்கம் இருந்தது. சொல்லின் வால் மாட்டின் வயிற்றில் இருந்தது.

எங்கள் சந்தில் கன்னடம் பேசாதவர் கிடையாது. படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. செல்வராஜ் அண்ணன் பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவர். ஆட்டோவை ஓரம்கட்டிவிட்டு வந்து காகிதத்தை வாங்கினார். எழுத்துக் கூட்டினார். முகம் மாறியது. மறுபடியும் எழுத்துக் கூட்டினார்.

“இன்னா போட்டிருக்கு?” என்றார் அப்போதுதான் வந்து சேர்ந்த ஆண்ட்டி. கையில் பைபிள் இருந்தது.

அண்ணன் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“செல்வராஜு. இன்னா போட்டிருக்கு?”

“ஒடெ…ன்னு போட்டிருக்குக்கா.”

கன்னடத்தில் ஒடெ என்றால் உடை. இடி. ஜேசிபி வந்த தெருக்களில் எல்லோரும் கத்திய சொல் அது.

ஆண்ட்டி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்துகள் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. அடுத்த நாள் ஞாயிறு. போய்க் கேட்கவும் வழியில்லை. மகளுக்குச் சொல்லவா என்று கேட்டேன். “அவ பிள்ளத்தாச்சி. வாயத் தொறந்தன்னா பாரு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் நேரே என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“சீட்டு தம்பி, நான் மைசூருக்குப் போற மாதிரி ஆச்சுன்னா அந்தக் கம்பத்த நீ பாத்துக்கறியா?”

“ஆண்ட்டி, அதெல்லாம் ஒண்ணும் ஆவாது.”

“ஆவாதுதான். ஆனா பாத்துக்கறியா? நீ வாடகைக்காரன். கந்தாயம் கட்டாதவன். சட்டப்படி உனக்குத் தரக் கூடாது. பரவால்ல. துணிய நல்லாப் புழிஞ்சிட்டுத் தொடைக்கணும். தண்ணி சொட்டச் சொட்டத் தொடச்சா அடியில துரு ஏறிடும்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? வீடு போய்விடும் என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்கிய பொருட்கள் அனாதையாகிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலையாக இருந்தது. கல்லைத் தெரு கூட்டும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பஸ் ஸ்டாப் சீட்டுகளை, “வர்றவங்க எடுத்துக்கட்டும்” என்றார். எழுந்து வாசலுக்குப் போனவர் எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“செல்வராஜு! ஹம்ப்பு உனக்கு.”

அண்ணன் ஆட்டோவுக்கடியிலிருந்து தலையை வெளியே நீட்டினார். “எனக்கா? எனக்கு ஏன்க்கா?”

“நீதான டெய்லி அதும்மேல ஏறி எறங்கற. ஓசியில ஏறுனதெல்லாம் போதும். இனிமே நீயே பாத்துக்கோ. வெள்ளை பெயின்ட்டு அழிஞ்சிருச்சுன்னா ஆபீசுக்குப் போயிச் சொல்லு. ராத்திரியில வண்டிக்காரன் விழுந்தான்னா உம்மேலதான் பழி.”

அண்ணன் எண்ணெய் படிந்த கையைத் தரையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் அவர் போன் பேசக் கம்பத்தடிக்கு வரவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆண்ட்டி பச்சைப் பட்டுப் புடவையில் வெளியே வந்தார். “கந்தாய நாளு இன்னைக்குத்தான்னு மொதல்லயே நெனச்சிருந்தேன். வூடு இருக்குதோ இல்லியோ, கட்ட வேண்டியத கட்டிட்டு வந்துடறேன்” என்றார். பாயசம் மட்டும் இல்லை. செல்வராஜ் அண்ணன் ஆட்டோவை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். மீட்டர் போடவில்லை. நானும் ஏறிக்கொண்டேன். ஹம்ப் வந்தபோது அண்ணன் ரொம்ப மெதுவாக ஏறி, ரொம்ப மெதுவாக இறங்கினார்.

ஆபீஸில் டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். அண்ணன் பதற்றத்தில் அடிக்கடி எழுந்தார். அவர் எழும்போதெல்லாம் பெஞ்சு எங்கள் பக்கம் சாய்ந்தது. ஆண்ட்டி என் தோளில் இடித்தார். “செத்த நேரம் ஒக்காரேன் செல்வராஜு. வூடு ஆடறது போதாதுன்னு இது வேற ஆடுது.” எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், வருஷா வருஷம் இந்த பெஞ்சு இப்படித்தான் என்று சொன்னார்.

எங்கள் முறை வந்தது. ஆண்ட்டி பைபிளைத் திறந்து காகிதத்தை எடுத்துக் கவுன்ட்டருக்குள் தள்ளினார்.

“ஒடைக்கறதுன்னா எப்பன்னு தேதி சொல்லிடும்மா. சாமான எடுக்கணும். தெருவுல இருக்கற கம்பத்த மட்டும் உங்க ஆளுங்க தொடக் கூடாது. அது வூட்டோட சேந்ததில்ல. தனியா வாங்குனது.”

அந்தப் பெண் அலுவலருக்குத் தமிழ் கொஞ்சம் புரிந்தது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் வீட்டு நம்பரைத் தட்டினார். திரையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஒடெயோதல்லாம்மா! ஒடெதன! ஒடெதன!”

செல்வராஜ் அண்ணன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இடிப்பது அல்ல என்கிறார்; ஒடெதன என்றால் உடைமை. இது யாருடைய வீடு என்பது. நம் மொழியிலும் அப்படித்தானே? உடை என்று எழுதி நிறுத்தினால் வீடு போகும். இன்னும் ஓர் எழுத்து எழுதினால் வீடு நம்முடையதாகும். அண்ணன் படித்ததில் பிழை இல்லை. மிச்ச எழுத்தை மாடு தின்றுவிட்டது.

வீட்டு விவரங்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏற்றுகிறார்களாம். ஆண்ட்டியின் வீடு இன்னும் இறந்துபோன கணவரின் பெயரிலேயே இருக்கிறதாம். வாரிசு பேப்பரைக் கொண்டுவந்து தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒட்டிய நோட்டீஸ் அது. கால்வாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அலுவலர் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலுமாக இதைச் சொல்லி முடித்து, “நிம்ம மனெ நிமகே அம்மா” என்றார். உங்கள் வீடு உங்களுக்கே.

ஆண்ட்டி கவுன்ட்டர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு பெருமூச்சு விட்டார். அந்த ஒரு மூச்சில் வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து பிடித்து வைத்திருந்ததெல்லாம் போனது. பிறகு மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

“ஏன்டா செல்வராஜு…”

“மீதிய மாடு தின்னுருச்சுக்கா! நான் இன்னா பண்ணட்டும்? இருந்ததத்தான படிச்சேன்?”

“ஹம்ப்பத் திருப்பிக் குடு.”

“குடுத்தது குடுத்ததுதான்க்கா. ஹம்ப்பு என்னோடது.” அண்ணன் சட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. கவுன்ட்டருக்குள் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “மேடம், எங்க வூட்டு பாக்கியும் ஒருதடவ பாத்துச் சொல்றீங்களா?” என்று கேட்டார். ஆண்ட்டி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஹாஸ்டல் காலத்துப் பையிலிருந்து ஆண்ட்டி பேப்பர்களை எடுத்துக் கொடுத்தார். கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய ரசீதுகள். வீடு போகிறதென்று நினைத்துக்கொண்டு வந்தவர் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அலுவலர் தட்டச்சு செய்துகொண்டே, “ஹெசரு?” என்றார்.

ஆண்ட்டி தன் பெயரைச் சொன்னார்.

இத்தனை காலத்தில் அன்றுதான் அதைக் கேட்டேன். அழகான பெயர். அண்ணனும் என்னைப் பார்த்தார், இதுதானா என்று. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வீட்டுப் பேப்பரில் எழுதுவதற்காக மட்டும் அவர் வெளியே எடுத்த பெயர் அது. எங்களுக்கு அவர் கந்தாயம் ஆண்ட்டிதான்.

இப்போது நான் பீன்யாவில் பைக் சீட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஏப்ரலில் ஆண்ட்டியிடமிருந்து போன் வரும். இந்த வருஷம் என்ன வாங்கினேன் தெரியுமா என்று தொடங்குவார். செல்வராஜ் அண்ணனின் ஹம்ப்புக்குப் புது பெயின்ட்டு அடித்த சேதியும் அதில் உண்டு. போன் போடாத மாதங்களில், ஏதாவது ஒரு அரசாங்க ஆபீஸில் காத்திருக்கும்போது அவர் ஞாபகம் தானாக வந்துவிடும். உட்காரும் முன் பெஞ்சின் காலைப் பார்ப்பேன்.

அன்று, பெயர் மாற்றக் கொடுத்த கையோடு, ஆண்ட்டி அந்த வருஷக் கந்தாயத்தையும் அங்கேயே கட்டினார். ரசீதை வாங்கி, கன்னட எழுத்துத் தெரியாவிட்டாலும், தன் பெயர் இருக்கும் இடத்தை அலுவலரிடம் விரலால் காட்டச் சொல்லிப் பார்த்தார். பழைய நோட்டீஸ் இனி வேண்டாம் என்று அலுவலர் அதை ஆண்ட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலை முடிந்தது, போகலாம் என்று நான் நினைத்தேன். அப்போதுதான் ஆண்ட்டி கவுன்ட்டருக்குள் மறுபடியும் முகத்தை நீட்டி, பார்க் குழாயை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், இந்த வருஷத்துக்குத் தனக்கு அந்த பெஞ்சு போதும் என்றார்.

சொல்லிவிட்டு நேரே பெஞ்சுக்குப் போனார். உட்கார்ந்திருந்தவர்களை, “செத்த எந்திரிங்கப்பா” என்று எழுப்பினார். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். மாடு மிச்சம் வைத்த அந்த நோட்டீஸை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், நகத்தால் மடிப்பை அழுத்தி, குட்டையாக இருந்த காலுக்கு அடியில் செருகினார். எழுந்து ஓரத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் ஆடிப் பார்த்தார். பெஞ்சு அசையவில்லை. முந்தானையால் பலகையைத் துடைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த அந்தப் பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார்.